முந்திரியும் முத்தும்: தொடக்கப் பள்ளிக் கணக்குப் பயிற்சி குறித்துச் சில சிந்தனைகள்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்குக் கண்களாகக் கூறவந்த வள்ளுவப் பெருந்தகை, எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னுமாக வைத்தார். தமிழ்த் துறையினராகிய நாம் பெரும்பாலும் அவர் பின்வைத்ததைப் பற்றியே எழுதியும் பேசியும் வருகிறோம். ஒரு முறையேனும் அவர் முன்வைத்ததைப் பற்றித் தமிழ்த் துறை மலரொன்றில் பேசுவது தகும் எனக் கருதுகிறேன். அதிலும் திருச்செந்தூரும் காயல்பட்டினமும் புன்னைக்காயலும் அடுத்தடுத்து அமைந்த இக்கடற்கரை, முத்தை எண்ணியும் நிறுத்தும் வாழ்ந்த கரை. கணக்கு இங்கே ஏட்டுக் கல்வியாக மட்டும் இருந்ததில்லை.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் கணக்குத் திறன் இன்று எந்நிலையில் உள்ளது? ‘அசர்’ எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கை 2024-ஆம் ஆண்டில் நாட்டின் ஊரகப் பகுதிகளில் கண்டது இது: மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் 33.7 விழுக்காட்டினரே ஈரிலக்கக் கழித்தல் கணக்கைச் செய்தனர். ஐந்தாம் வகுப்பில் 30.7 விழுக்காட்டினரே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தனர். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. அரசு தன் கடமையைச் செய்யட்டும். வீட்டிலும் கடைத்தெருவிலும் மதரஸா முற்றத்திலும் நாம் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

திண்ணைப் பள்ளியின் இரண்டு பாதிகள்

நம் முன்னோர் கணக்குப் பயின்ற முறையைப் பலர் ‘வெறும் மனப்பாடம்’ என்று ஒதுக்குவர்; வேறு சிலர் ‘அதுவன்றோ கல்வி’ என்று பெருமூச்செறிவர். இரு சாராரும் அம்முறையின் பாதியையே கண்டவர்கள் என்பது என் எண்ணம்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பன பாடங்கள். எண்சுவடி என்பது பெருக்கல் வாய்பாடு; குழிமாற்று, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வர்க்கக் கணக்கு. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்வர். இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்டுரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் தம் பொறுப்பில் இருந்த அநாதைச் சிறுவர் பள்ளியில் அதைக் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றுப் பரவியது. நம் திண்ணை மணல் கடல் கடந்த வரலாறு இது.

அப்பள்ளியின் வாய்பாடு முழு எண்ணோடு நின்றதன்று. மிகச் சிறிய அளவாகிய முந்திரியில் தொடங்கியது. இன்றைய மாணவர்க்கு முந்திரி என்றால் பருப்புதான் நினைவுக்கு வரும். ஈண்டு முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80-இல் ஒன்று. எட்டு முந்திரி அரைமா, 40-இல் ஒன்று. பதினாறு முந்திரி ஒருமா, 20-இல் ஒன்று. இருபது முந்திரி மாகாணி, 16-இல் ஒன்று. அதன்மேல் இருமா, அரைக்கால், நாலுமா, கால், அரை, முக்கால் என ஏறிச்செல்லும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, தனிக்குறியும் உண்டு. பின்னம் என்றாலே அஞ்சும் இன்றைய ஐந்தாம் வகுப்புக் குழந்தை, இப்பெயர்களைத் தின்பண்டத்தின் பெயர்போல் வாயில் வைத்திருந்த அன்றைய குழந்தையைக் கண்டால் வியந்து போகும்.

இதுவே ஒரு பாதி. மறு பாதி, அப்பெயர்கள் ஒவ்வொன்றும் கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளோடு கட்டப்பட்டிருந்தமை. நெல்லிலக்கத்தில் ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு; உழக்கு இரண்டு உரி; உரி இரண்டு நாழி; நாழி எட்டு ஒரு குறுணி; குறுணி இரண்டு பதக்கு; பதக்கு இரண்டு தூணி; தூணி மூன்று ஒரு கலம். காலையில் திண்ணையில் சொன்னதை மாலையில் களத்து மேட்டில் பிள்ளை தன் கண்ணால் கண்டது. வாய் அறிந்ததைக் கையும் அறிந்தது. இன்று ‘வாய்பாடு வேண்டுமா, புரிதல் வேண்டுமா’ என்று வாதிடுவோர் இவ்விரண்டையும் பிரித்துவிட்டனர்.

அப்பள்ளியைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறவில்லை. ஏறியவர்களுள் பலரும் பிரம்புக்கு அஞ்சியே எண்ணைக் கற்றனர். அச்சத்தில் கற்ற எண், கேள்வி சற்றே மாறினால் நழுவிவிடும்.

முத்துக் கணக்கு

இக்கடற்கரையின் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் முத்து வணிகர் கையாண்ட கணக்கு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு இன்றும் பயன்படும் கருவி.

எடுத்த முத்துகளை முதலில் ‘பெட்டி’ எனப்பட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரிப்பர். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகளின் எண்ணிக்கையே சல்லடைகளின் பெயர். 20-ஆம் பெட்டியில் தங்குவது பெருமுத்து. 1000-ஆம் பெட்டிவரை இறங்குவது பொடிமுத்து. எண் கூடக் கூட முத்து சிறுக்கும். எட்டிலொன்று பெரிதா, நாலிலொன்று பெரிதா என்று கேட்டால் ‘எட்டுதானே பெரிய எண்’ என்று விடை சொல்லும் குழந்தை எல்லா வகுப்பிலும் உண்டு. ஒரே அளவான தட்டில் 20 துளையும் 1000 துளையும் இடப்பட்டால் எந்தத் துளை பெரிது என்று கேட்டுப் பாருங்கள். அட்டையில் ஊசியால் துளையிட்டும் காட்டலாம். ஒன்றையே பலராகப் பங்கிட்டால் பங்கு சிறுக்கும் என்பதை அக்குழந்தை பின் மறவாது.

பிரித்தபின் நிறுப்பர். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆகவே ஒரு மஞ்சாடி என்பது கழஞ்சில் ஒருமா. கழஞ்சில் ஒரு முந்திரி என்பது மஞ்சாடியில் மாகாணி. வாய்பாடு அறிந்தவனுக்கு இது ஒரு நொடிக் கணக்கு. நிறுத்தபின் விலை காண வேண்டும். அங்கேதான் குழிமாற்று வருகிறது. முத்தின் விலை நிறையைப் பொறுத்து நேராக ஏறுவதன்று. நிறையின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். மஞ்சாடி நிறையை அதே நிறையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ‘செவ்வு’. ஒரு செவ்வுக்கு இன்ன விலை என்று பேசி முடிப்பர்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒற்றை முத்து, நிறை 2 மஞ்சாடி. இரண்டை இரண்டால் பெருக்க 4. அதில் முக்கால் 3. ஆக 3 செவ்வு. மற்றொருவரிடம் இரண்டு முத்து. இரண்டும் சேர்ந்து அதே 2 மஞ்சாடி. பெருக்கியது 4, முக்கால் 3, இரண்டு முத்தென்பதால் இரண்டால் வகுக்க ஒன்றரைச் செவ்வு. நிறை ஒன்றே; மதிப்பு பாதி. ஏன் என்று குழந்தை கேட்கும். பெருமுத்து கிடைப்பது அரிது என்று விளக்கினால், அது வர்க்கத்தின் பொருளை உணரத் தொடங்கும். நான்காம் வகுப்புக் குழந்தை செய்யக்கூடிய பெருக்கல், பின்னம், வகுத்தல் மூன்றும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிட்டன.

சந்தைக் கணக்கும் வகுப்புக் கணக்கும்

பிரேசில் நாட்டின் ரெசிபே நகரில் தெருவில் விற்பனை செய்த சிறுவர் ஐவரை ஆராய்ந்து 1985-இல் ஆய்வாளர் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளுக்கு அச்சிறுவர் 98 விழுக்காடு சரியாக விடை சொன்னார்கள். அதே எண்களை வாக்கியக் கணக்காக்கித் தாளில் தந்தபோது 74 விழுக்காடு. வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காடு. இளநீர் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம், ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டனர். ‘பத்தால் பெருக்கப் பூஜ்யத்தைச் சேர்’ என்று பள்ளி கற்பித்தது அவனுக்கு உதவவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று 210, ஒன்பதுக்கு 315, பத்துக்கு 350 என்று கூட்டிச் சென்று சேர்ந்தான்.

நம் நாட்டிலும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளைக் குறித்த விரிவான ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சந்தைக் குழந்தை கடினமான கொடுக்கல் வாங்கலை மனத்திலேயே முடிக்கிறது. ஏட்டில் எழுதிய எளிய வகுத்தலில் தடுமாறுகிறது. சந்தையறியாத பள்ளிக் குழந்தையோ ஏட்டுக் கணக்கைச் செய்கிறது. சந்தைக் கணக்கில் தடுமாறுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திறன் தானாகத் தாவுவதில்லை. யாரேனும் கைபிடித்து நடத்த வேண்டும்.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. அமலிநகரிலும் ஆலந்தலையிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் மீன் ஏலத்தைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு எண்ணோட்டம் செவியிலேயே இருக்கிறது. 100 ரூபாய்த் தாளைக் கொடுத்து 37 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று அப்பிள்ளையைக் கேளுங்கள். ‘37-உம் 3-உம் 40, 60 சேர்ந்தால் 100, ஆக 63’ என்று சொல்லும். அதையே 100, அதன்கீழ் 37 என்று எழுதித் தந்தால், பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, கடன் வாங்க வேண்டும், கடன் தரும் இடத்திலும் பூஜ்யம் என்று திகைத்து நிற்கும். அது பலகையில் செய்வதும் கடையில் செய்ததும் ஒன்றே என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. இரண்டு வழியையும் அருகருகே எழுதச் செய்து, விடை ஒன்றாவதைக் காட்டினால் அரைமணி நேரத்தில் திகைப்பு நீங்கும்.

முதியோர் ஒன்றைக் கவனித்திருப்பர். பேசியில் குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்தும் வழக்கம் வந்தபின், கடைக்குச் செல்லும் பிள்ளை மீதிச் சில்லறை எண்ணும் வாய்ப்பே அருகிவிட்டது. நாலணாக் காசு 2011-இல் செல்லாததாயிற்று. ரூபாயின் கால் பங்கைக் கையில் வைத்துப் பார்க்கும் வழியும் அதனோடு போயிற்று. காலத்தைத் திருப்ப இயலாது. பயிற்சிக்காகவேனும் வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளையின் கையில் தாளும் நாணயமும் கொடுத்துக் கடைக்கு அனுப்பலாம்.

நாள்தோறும் பத்து நிமிடம்

பயிற்சிக்கு நீண்ட நேரம் தேவையில்லை. நாள்தோறும் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிடப் பயன் தரும். முதல் படி, பத்தை உடைத்தல். திருச்செந்தூர்க் கடைத்தெருவில் கிடைக்கும் சோழி பத்து போதும். ஐந்தாறைக் கையால் மூடி, வெளியே தெரிவதைக் காட்டி, மறைந்தவை எத்தனை என்று கேளுங்கள். ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு என்று சிந்திக்காமல் வாயில் வரும்வரை இவ்விளையாட்டு நீடிக்கலாம். விரல் விட்டு எண்ணும் குழந்தையை அதட்டக் கூடாது. விரல் தானாக மடங்கும் நாள் வரும்.

அடுத்தது இடமதிப்பு. ‘இருநூற்று மூன்று எழுது’ என்றால் 2003 என்று எழுதும் குழந்தையை மந்தம் என்று நினைத்துவிடுகிறோம். அது காதில் கேட்டபடியே எழுதியிருக்கிறது: 200, பின்னர் 3. நம் பழந்தமிழ் எண்முறையும் அவ்வாறே இரண்டு, நூறு, மூன்று என்று ௨௱௩ என எழுதியது! பூஜ்யம் வெற்றிடத்தைக் காக்கும் காவலாள் என்பதைக் குழந்தை அறிந்தால் போதும். நூறு, பத்து, ஒன்று என மூன்று கிண்ணங்களை வைத்து, நடுக்கிண்ணம் காலியாக இருப்பதைக் காட்டலாம். தொண்ணூறும் தொள்ளாயிரமும் தனித் தொல்லை. முன்னது நூறின் பெயரையும் பின்னது ஆயிரத்தின் பெயரையும் தாங்கி நிற்பதால் குழந்தை மயங்குவது இயல்பே. மொழி ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் கூடிப் பேச வேண்டிய இடம் இது.

வாய்பாட்டைப் பொறுத்தவரை, வரிசையாகச் சொல்லத் தெரிவது தொடக்கமே ஆகும். ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்றவுடன் ஏழொன்று ஏழு என்று அடியிலிருந்து ஏறிவரும் குழந்தை இன்னும் வாய்பாட்டைப் பெறவில்லை. அதன் இசையையே பெற்றிருக்கிறது. திருக்குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளையை உஸ்தாது இடையிலிருந்து ஒரு வசனத்தைச் சொல்லி ‘மேலே ஓது’ என்று சோதிப்பார் அல்லவா? அம்முறையே இங்கும் வேண்டும். இஸ்லாமியத் தமிழின் முதற்பெரும் நூல்களுள் ஒன்றாகிய ஆயிர மசலா, 1572-இல் வினாவும் விடையுமாகவே அமைந்தது. வினா எத்திசையிலிருந்து வந்தாலும் விடை தயாராக இருத்தலே அறிவு என்று நம் புலவர்கள் அறிந்திருந்தனர். மறந்த இடத்தை மீட்கும் வழியையும் கற்பிக்க வேண்டும்: ஏழெட்டு மறந்தால் ஏழு நான்கு 28, அதை இரட்டித்தால் 56. ஆழாக்கை இரட்டித்து உழக்கும், உழக்கை இரட்டித்து உரியும் கண்ட மரபினர்க்கு இரட்டித்தல் புதிதன்று.

ஸக்காத்தும் பாகப்பிரிவினையும்

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஸக்காத் கணக்குப் பார்க்கும் நாளில் வீட்டுப் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நாற்பதில் ஒன்று என்பதே விகிதம். தமிழ் வாய்பாட்டில் அது அரைமா. மார்க்கம் விதித்த பங்குக்கு நம் எண்சுவடியில் முன்னரே ஒரு பெயர் இருந்தது! மனக்கணக்காகச் செய்யும் வழியும் எளிது: பத்திலொன்று எடு, அதில் கால் எடு. 8,600 ரூபாய்க்குப் பத்திலொன்று 860. அதில் கால் 215. இருபது மிஸ்கால் பொன்னுக்கு அரை மிஸ்கால் என்பதும் இக்கணக்கே.

இனிச் சற்றுக் கடினமானது. அந்நிஸா அத்தியாயம் வாரிசுரிமைக்குக் கூறும் பின்னங்கள் ஆறு: அரை, கால், எட்டிலொன்று, மூன்றில் இரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் புகழ்பெற்ற அல்ஜப்ரா நூலின் பெரும்பகுதியைப் பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். இன்று உயர்நிலைப் பள்ளியில் அச்சத்தோடு கற்கும் இயற்கணிதம், இறந்தவரின் பிள்ளைகளுக்கு நீதியாகப் பங்கிடும் தேவையோடு சேர்ந்து வளர்ந்த கலை.

இவ்வாறில் முதல் மூன்றும் முந்திரி வாய்பாட்டில் எளிதாக அடங்கும்: 160 முந்திரி, 80 முந்திரி, 40 முந்திரி. மூன்றிலொன்றோ அடங்காது. 320-ஐ மூன்றால் வகுத்தால் 106 வந்து 2 எஞ்சும். முந்திரியையும் 320 கூறாக்கிய கீழ்முந்திரிக்குச் சென்றாலும், 1,02,400-இல் மூன்று மீதமின்றி நுழையாது. மனப்பாடத்தின் எல்லை இது. வாய்பாடு அறிந்த பிள்ளை இந்த எல்லையில் வந்து முட்டுவது நல்லது. ‘அப்படியானால் வேறு எப்படிப் பங்கிடுவது?’ என்று அது கேட்கும் கேள்வியே கணிதம்.

விடை நெல்லிலக்கத்தில் இருக்கிறது. கலத்துக்குத் தூணி மூன்று அல்லவா? ஒரு கலத்தில் மூன்றிலொன்று ஒரு தூணி. ஆறிலொன்று ஒரு பதக்கு. அளவு இடத்துக்கு இடம் சற்று மாறினும், கலம் 96 நாழி என்பது பொதுக் கணக்கு. 96-ஐ இரண்டும் மூன்றும் நான்கும் ஆறும் எட்டும் மீதமின்றி வகுக்கும். பொன்னளந்த எண் வேறு, நெல்லளந்த எண் வேறு. பொன்னில் முடியாத பங்கு நெல்லில் முடிகிறது.

ஒருவர் இறந்தார். கடனும் மரண சாசனமும் நிறைவேற்றியபின் எஞ்சியது ஒரு கலம் நெல் எனக் கொள்வோம். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மனைவிக்கு எட்டிலொன்று, 12 நாழி. எஞ்சிய 84 நாழியில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. 56 நாழி, 28 நாழி. மூன்றையும் கூட்ட 96. தாளில் எழுதுமுன் அரிசியையும் ஒரு சிறு குவளையையும் கொண்டு இதைச் செய்து காட்டுங்கள். நாழிக்குப் பதில் ஒரு சிட்டிகை போதும். 96 சிட்டிகை அளக்கும் பொறுமை குழந்தைக்கு உண்டு, நமக்குத்தான் இருப்பதில்லை.

அடுத்த கணக்கை உதவியின்றி அதுவே செய்யட்டும். இறந்தவரின் தந்தை உயிரோடு இருக்கிறார், மனைவியும் ஒரு மகனும் உண்டு, மகள் இல்லை. தந்தைக்கு ஆறிலொன்று, மனைவிக்கு எட்டிலொன்று, எஞ்சியது மகனுக்கு. அதே ஒரு கலம் நெல். ஒவ்வொருவருக்கும் எத்தனை நாழி? மூவர் பங்கையும் கூட்டினால் 96 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வராவிட்டால் பிழை எங்கே என்று அதுவே தேடட்டும்.